மலைநீரின் உயரமும் மனைவிளக்கின் ஒளியும்
ஆற்றலின் இருப்பு, பெயர்ச்சி, வளம் பற்றிய ஒரு பாடம்

உயர்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் பயிலும் மாணாக்கர் இரண்டு கூற்றுகளை அடிக்கடி கேட்கின்றனர். ஒன்று, 'ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது' என்னும் விதி. மற்றொன்று, 'மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுக' என்னும் அறிவுரை. முன்னது பாடநூலில் உள்ளது. பின்னது சுவரொட்டிகளில் உள்ளது. கூர்மையான மாணவன் ஒருவன் எழுந்து, 'அழியாத ஒன்றை ஏன் ஐயா சிக்கனப்படுத்த வேண்டும்?' என்று வினவினால் ஆசிரியர் யாது விடை பகர்வது?

இவ்வினாவிற்குத் தக்க விடையைக் கேரளத்தின் எல்லைப்புற மலைநாட்டிலேயே காணலாம். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய வட்டங்களிலும், பாலக்காட்டைச் சார்ந்த சித்தூர்ப் பகுதியிலும் தமிழ் வழங்கும் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்குள்ள பிள்ளைகள் அணைகளையும் சுரங்கங்களையும் காற்றாலைகளையும் நாள்தோறும் காண்பவர்கள். அவர்களுக்கு ஆற்றலைப் பற்றிய பாடத்தை நடத்த விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. மலையும் மழையுமே அவர்தம் ஆய்வுக்கூடம். அப்பாடத்தை எவ்வாறு நடத்தலாம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கும்.

1. மூன்று சொற்கள்

ஆற்றல் என்பதைச் 'சக்தி' என்றும் வழங்குவர். வேலை செய்வதற்குரிய தகுதியே ஆற்றலாகும். இதனைக் கற்பிக்கும்போது மூன்று சொற்களை முதலில் வேறுபடுத்திக் காட்டுதல் நலம். அவை இருப்பு, பெயர்ச்சி, வளம் என்பன.

பாலக்காடு நெல் விளையும் நாடு. ஆங்கு விளைந்த நெல் பத்தாயத்தில் இருக்கிறது. அது இருப்பு. பத்தாயத்திலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து அடுக்களைக்கும் வண்டியில் செல்கிறது. அது பெயர்ச்சி. ஆண்டுதோறும் நெல்லைத் தருவது வயல். அது வளம். பத்தாயம் நிறைந்திருப்பதும் வயல் விளைவதும் ஒன்றல்ல. வண்டி ஓடுவதும் நெல் இருப்பதும் ஒன்றல்ல.

ஆற்றலும் இவ்வாறே. உயரத்தில் தேங்கிய நீர், விறகு, உணவு, எரிவாயு, மின்கலம், சூடேறிய பாறை, ஓடும் வண்டி ஆகிய ஒவ்வொன்றிலும் ஆற்றல் ஒவ்வொரு வகையில் இருப்பாக உள்ளது. ஓர் இருப்பிலிருந்து மற்றோர் இருப்பிற்கு அது விசையின் வாயிலாகவோ, வெப்பத்தின் வாயிலாகவோ, ஒளியின் வாயிலாகவோ, மின்னோட்டத்தின் வாயிலாகவோ பெயர்கிறது. ஞாயிறும் மழையும் காற்றும் காடும் வளங்கள்.

இங்கே மாணாக்கரிடம் பெரிதும் காணப்படும் ஒரு பிழையைத் திருத்துதல் வேண்டும். 'அணையில் மின்சாரம் இருக்கிறது' என்று அவர்கள் கருதுவர். அணையில் மின்சாரம் இல்லை; உயரத்தில் நிறுத்தப்பட்ட நீர்தான் இருக்கிறது. மின்சாரம் என்பது வண்டியைப் போன்றது. அது ஆற்றலைக் கொண்டுசெல்கிறது; தன்பால் பெருமளவில் வைத்துக்கொள்வதில்லை. ஆதலின் இல்லத்தில் விளக்கை ஏற்றும் அதே கணத்தில் எங்கோ ஓரிடத்தில் ஒரு மின்னாக்கி அதற்குரிய வேலையைச் செய்தாக வேண்டும்.

2. உயரமே இருப்பு

பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுவே ஓடும்போது குறவன், குறத்தி என்னும் இரு பாறைக் குன்றுகளின் இடுக்கில் புகுந்து செல்கிறது. அவ்விடுக்கில் கட்டப்பட்டதே இடுக்கி வளைவு அணை. இதன் உயரம் சற்றேறக்குறைய 169 மீட்டர். செறுதோணி, குளமாவு ஆகிய இடங்களில் வேறு இரண்டு அணைகள் கட்டி, மூன்றும் சேர்ந்து ஒரே நீர்த்தேக்கமாக அமைத்துள்ளனர். முதற்கட்டப் பணி நிறைவேறி 1976-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மின் உற்பத்தி நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது.

பார்வையாளர்க்கு வியப்பூட்டுவது அணையின் உயரமே. ஆயினும் இயற்பியல் மாணாக்கர் கவனிக்க வேண்டிய உயரம் அதுவன்று. நீர் அணையின் அடியில் மின்சாரம் தருவதில்லை. குளமாவின் அருகிலிருந்து அது சுரங்கத்துள் புகுந்து, மலையினுள்ளே அமைந்த அழுத்தக் குழாய்களின் வழியே இறங்கி, மூலமற்றத்தில் பூமிக்கடியில் குடையப்பட்ட மின் நிலையத்தை அடைகிறது. நீர்த்தேக்கத்திற்கும் இந்நிலையத்திற்கும் இடையே உள்ள உயர வேறுபாடு சற்றேறக்குறைய 669 மீட்டர். அணையின் உயரத்தைப்போல் இது நான்கு மடங்கு. அணை நீரைத் தடுத்து நிறுத்துகிறது. பெரும்பான்மையான உயரத்தை மலையே தருகிறது.

மூலமற்றத்தில் தலா 130 மெகாவாட் திறனுடைய ஆறு பொறிகள் உள்ளன; மொத்தம் 780 மெகாவாட். வெளியேறும் நீர் பெரியாற்றிற்குத் திரும்பாமல் தொடுபுழை ஆற்றை அடைந்து மூவாற்றுப்புழை நோக்கிச் செல்கிறது.

உயரத்தில் உள்ள பொருளின் நிலையாற்றல் = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம் என்பதை மாணாக்கர் அறிவர். ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். ஆகவே இடுக்கியில் ஒரு கன மீட்டர் நீரின் நிலையாற்றல்:

1,000 × 9.8 × 669 = சற்றேறக்குறைய 65.6 லட்சம் ஜூல்.

மின் கட்டணச் சீட்டில் 'ஒரு யூனிட்' எனக் குறிப்பது ஒரு கிலோவாட் மணி. அதாவது 36 லட்சம் ஜூல். ஆதலின் மேற்கூறிய ஆற்றல் 1.82 யூனிட்டிற்குச் சமம். குழாயில் ஏற்படும் உராய்வு, சுழலியிலும் மின்னாக்கியிலும் ஏற்படும் இழப்பு ஆகியவற்றைக் கழித்தால் ஒரு கன மீட்டர் நீருக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மின்சாரம் கிடைக்கும் எனக் கொள்ளலாம்.

3. குடக்கணக்கு

மேற்கண்ட எண்ணை மாணாக்கரின் இல்லத்திற்குக் கொண்டுவருதல் வேண்டும். 60 வாட் இழை விளக்கு ஒன்று மாலையில் 5 மணி நேரம் எரிகிறது என்போம். அது செலவிடுவது 300 வாட் மணி, அதாவது 0.3 யூனிட். இதற்கு இடுக்கியில் இறங்க வேண்டிய நீர் 200 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் கொள்ளுமாயின் 13 குடங்களுக்கு மேல். அதே ஒளியை ஏறத்தாழத் தரக்கூடிய 9 வாட் எல்.இ.டி. விளக்கு அந்நேரத்தில் 45 வாட் மணியே கொள்ளும். இதற்கு 30 லிட்டர் நீர், அதாவது இரண்டு குடம் போதும். மின்கம்பிகளில் ஏற்படும் இழப்பை இங்கே கணக்கிடவில்லை; அதனையும் சேர்த்தால் நீரின் அளவு இன்னும் மிகும்.

பதின்மூன்று குடம், இரண்டு குடம் என்ற வேறுபாட்டைத் தண்ணீர் சுமந்து பழகிய பிள்ளைகள் உடனே உணர்வர். 'சிக்கனம்' என்ற சொல் அப்போது வெறும் அறிவுரையாக இராது, அளக்கத்தக்க பொருளாகிவிடும்.

மற்றொரு கணக்கும் பயன் தரும். 40 கிலோகிராம் நிறையுள்ள மாணவன் 3 மீட்டர் உயரமுள்ள மாடிப்படியில் ஏறினால் அவன் பெறும் நிலையாற்றல் 1,176 ஜூல். ஒரு யூனிட்டிற்கு நிகரான வேலையைச் செய்ய அவன் மூவாயிரம் முறைக்கு மேல் ஏற வேண்டும். சில ரூபாய்க்கு நாம் பெறும் ஒரு யூனிட் எத்துணை உழைப்பிற்குச் சமம் என்பது இதனால் விளங்கும்.

4. நீர் கடந்து செல்லும் வழி

உயரத்தில் இருந்த ஆற்றல் விளக்கை அடையும் வழியைப் படிப்படியாகக் கரும்பலகையில் எழுதுக.

முதற்படி: நீர்த்தேக்கத்தில் நிலையாற்றல். நீர் குழாயில் இறங்க இறங்க, உயரம் குறைந்து அழுத்தம் பெருகுகிறது.

இரண்டாம் படி: குழாயின் நுனியில் உள்ள சிறு வாயிலிருந்து நீர் பீய்ச்சி அடிக்கிறது. இழப்பே இல்லையெனில் அதன் வேகம் விநாடிக்கு 114 மீட்டர், அதாவது மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். நிலையாற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாகிவிட்டது.

மூன்றாம் படி: அந்நீர்த்தாரை பெல்ட்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதித் தன் வேகத்தை அதற்கு ஈந்துவிட்டு, தளர்ந்து கீழே விழுகிறது. மிக உயரத்திலிருந்து வரும் நீருக்கு இவ்வகைச் சுழலியே ஏற்றது.

நான்காம் படி: சக்கரத்தோடு இணைந்த மின்னாக்கி சுழன்று, மின்னோட்டத்தின் வாயிலாக ஆற்றலைக் கம்பிகளில் செலுத்துகிறது.

ஐந்தாம் படி: விளக்கில் அது ஒளியாகவும் வெப்பமாகவும் வெளிப்படுகிறது. ஒளியும் சுவரிலும் தரையிலும் பட்டு உறிஞ்சப்பட்டு, இறுதியில் அவற்றைச் சிறிதளவு வெதுவெதுப்பாக்குகிறது.

ஒவ்வொரு படியிலும் ஒரு சிறு பங்கு வெப்பமாகச் சிதறுகிறது. ஆயினும் எல்லாப் பங்குகளையும் கூட்டினால் தொடக்கத்திலிருந்த அளவே வரும். இதுவே ஆற்றல் அழியா விதி. ஜெர்மானிய மருத்துவர் மேயர் 1842-இல் இக்கருத்தை வெளியிட்டார். ஆங்கிலேயர் ஜூல், 1840-களில் நீரைத் துடுப்புகளால் கலக்கி, விழும் எடையின் வேலைக்கும் நீரில் தோன்றும் வெப்பத்திற்கும் உள்ள மாறா விகிதத்தை அளந்து காட்டினார். ஆற்றலின் அலகு அவர் பெயரால் வழங்குகிறது.

5. 'மின்சாரம் எடுத்த நீர்' சத்தற்றதா?

சிற்றூர்களில் பணிபுரிவோரிடம் உழவர் சிலர், 'மின்சாரத்தைப் பிரித்தெடுத்துவிட்ட நீரில் பயிருக்கு வேண்டிய சத்து இருக்குமா?' என்று வினவுதல் உண்டு. பாலைக் கடைந்து வெண்ணெய் எடுத்தால் மோரின் சத்து குறைகிறதன்றோ என்பது அவர்தம் எண்ணம். இதனை நகைத்து ஒதுக்காமல் விளக்கம் கூறுதல் களப் பணியாளரின் கடமை.

வெண்ணெய் பாலின் உட்பொருள். அதனை எடுத்தால் பால் மாறும். உயரமோ நீரின் உட்பொருள் அன்று. அது நீருக்கும் பூமிக்கும் இடையே உள்ள நிலைமை. சுழலியில் நீர் இழப்பது உயரத்தையே. அதில் கரைந்துள்ள உப்புகளும், பயிருக்கு ஊட்டமாகும் பொருள்களும் சுழலியால் குறைவதில்லை.

சுழலி இல்லாமல் அந்நீர் அருவியாக வீழ்ந்திருந்தால் யாது நிகழ்ந்திருக்கும்? அப்போதும் அது உயரத்தை இழந்தே இருக்கும். அந்த ஆற்றல் பாறையில் மோதி ஒலியாகவும், அரிப்பாகவும், பெரும்பான்மை வெப்பமாகவும் சென்றிருக்கும். முழுவதும் நீரிலேயே தங்கினாலும் அதன் வெப்பநிலை எவ்வளவு உயரும்? 9.8 × 669-ஐ நீரின் தன்வெப்பமாகிய 4,200-ஆல் வகுத்தால் 1.56 வருகிறது. அதாவது ஒன்றரைப் பாகை செல்சியஸ். மின் நிலையம் எடுத்துக்கொள்வது இந்த ஒன்றரைப் பாகை வெதுவெதுப்பைத்தான்.

இதற்குக் கண்கூடான சான்று இடுக்கியின் கிழக்கு எல்லையிலேயே உள்ளது. 1886-இல் திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாண அரசுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, பென்னிகுக் என்னும் பொறியாளரின் தலைமையில் கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணை 1895-இல் நிறைவேறியது. மேற்கே ஓடும் பெரியாற்றின் நீரில் ஒரு பகுதி, தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்படுகிறது. அந்நீர் சில நூறு மீட்டர் இறங்கி, கூடலூரை அடுத்த லோயர் கேம்ப் என்னுமிடத்தில் 1950-களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய பெரியாறு மின் நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. அங்கிருந்து வெளியேறும் நீரே கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் வயல்களில் பாய்ந்து, வைகையை அடைந்து, மதுரை வரை செல்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுழலியைக் கடந்த நீரில் நெல் விளைந்துகொண்டிருக்கிறது. ஐயமுடையோர்க்கு இதனினும் சிறந்த விடை வேண்டுவதில்லை.

6. ஒரே நீர், பல படிகள்

நீர் கெடுவதில்லை என்பதற்கு மற்றொரு சான்று மூணாற்றுப் பகுதியில் உண்டு. முதிரப்புழை ஆற்றில் அமைந்த பள்ளிவாசல் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது. இன்றைய கேரளப் பரப்பில் அரசு அமைத்த முதல் நீர்மின் நிலையம் அதுவே. பள்ளிவாசலில் வேலை செய்து வெளிவரும் நீர் வீணாவதில்லை. 1954-இல் செங்குளம் நிலையமும், 1961-இல் நேரியமங்கலம் நிலையமும் அமைக்கப்பட்டு, மேல் நிலையங்களின் நீர் கீழ் நிலையங்களில் மீண்டும் பயன்பட்டு வருகிறது.

படிக்கட்டில் இறங்குவோன் ஒவ்வொரு படியிலும் சிறிதளவு உயரத்தை இழப்பது போல, நீரும் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பங்கு உயரத்தை ஈந்து செல்கிறது. கடல் மட்டத்தை அடைந்த பின் ஈவதற்கு ஒன்றுமில்லை. கடலில் உள்ள நீர் அளவற்றது. ஆயினும் அதனைக்கொண்டு மலையில் உள்ள சிறு ஓடையளவு வேலையையும் இம்முறையில் பெற இயலாது. பொருளின் மிகுதியன்று, நிலையின் வேறுபாடே வேலை தருகிறது என்னும் உண்மையை இதனால் உணர்த்தலாம்.

7. அழியாத ஆற்றலை ஏன் சிக்கனப்படுத்த வேண்டும்?

இனித் தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு விடை காண்போம். இடுக்கியின் நீரிலிருந்து புறப்பட்ட ஆற்றல் அழியவில்லை என்பது மெய். அது ஆயிரமாயிரம் இல்லங்களின் சுவரிலும் காற்றிலும் ஒரு பாகையின் மிகச்சிறு பங்கு வெதுவெதுப்பாகப் பரவிக் கிடக்கிறது. ஆனால் அவ்வெதுவெதுப்பைத் திரட்டி மீண்டும் நீரை மலைமேல் ஏற்றவல்லார் எவருமிலர். பையிலிருந்து சிதறிக் கடல் மணலில் கலந்துபோன கடுகு அழிந்துவிடவில்லை; எனினும் அது தாளிக்க உதவாது.

ஆகவே ஆற்றலின் அளவு குறைவதில்லை. அதன் பயன்படுதன்மையே குறைகிறது. நாம் சிக்கனப்படுத்துவது ஆற்றலை அன்று, செறிந்த இருப்பை. இடுக்கியைப் பொறுத்தமட்டில் அவ்விருப்பின் பெயர் உயரம். 'ஆற்றல் அழிவதில்லை, உயரம் செலவாகிறது' என்னும் தொடரை மாணாக்கர் மனத்தில் பதிய வைத்தால் இரண்டு கூற்றுகளுக்கும் முரண்பாடில்லை என்பது தெளிவாகும்.

செலவான உயரத்தை மீண்டும் ஈட்டித் தருவது ஞாயிறு. கடல்நீரை ஆவியாக்கி மேகமாக உயர்த்தித் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் பொழிகிறது. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வேண்டும். அந்நீர் மழையாகி இடுக்கியில் தேங்கும்போது நமக்குக் கிட்டும் நிலையாற்றல் 6,556 ஜூல். முந்நூற்றறுபதில் ஒரு பங்களவே. இயற்கை இத்துணைப் பெருஞ்செலவில் தரும் வளம் இது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது என்பதால் எல்லையற்றது என்று கருதலாகாது.

8. நிறைந்த அணையும் வற்றிய அணையும்

இடுக்கி நீர்த்தேக்கத்தில் மின் உற்பத்திக்குப் பயன்படத்தக்க கொள்ளளவு சற்றேறக்குறைய 146 கோடி கன மீட்டர். கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட் வீதம் இது ஏறத்தாழ 219 கோடி யூனிட் இருப்பாகும். ஆறு பொறிகளும் இடையறாது முழுத் திறனில் இயங்கினால் நாளொன்றுக்கு 1.87 கோடி யூனிட் செலவாகும். வகுத்துப் பார்த்தால், புதுநீர் வரத்து இல்லாதபோது நிறைந்த நீர்த்தேக்கம் 117 நாட்களில், நான்கு திங்களுக்கும் குறைவான காலத்தில், வற்றிவிடும். பருவமழை ஓய்ந்தபின் அடுத்த ஜூன் வரை நாட்களை எண்ணுக. ஏன் பொறிகள் அனைத்தையும் எப்போதும் ஓட்டுவதில்லை, ஏன் மாலை வேளைக்கென நீரைக் காத்து வைக்கின்றனர் என்பன அப்போது விளங்கும்.

அங்ஙனமாயின் அணையை எப்போதும் விளிம்புவரை நிரப்பி வைப்பதே அறிவுடைமையாகுமோ? அன்று. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள், 26 ஆண்டுகளுக்குப்பின் முதன்முறையாகச் செறுதோணி அணையின் மதகு திறக்கப்பட்டது. அத்திங்களில் பெய்த பெருமழையால் கேரளத்தின் பல மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின; பல நூறு உயிர்கள் மாண்டன. மதகின் வழியே செல்லும் நீர் மூலமற்றத்தை அடைவதில்லை. அது பெரியாற்றின் வழியே தன் உயரத்தை இழந்து, பாறையை அரித்தும் கரையை உடைத்தும் செல்கிறது. விநாடிக்கு 500 கன மீட்டர் வீதம் ஒரு மணி நேரம் நீர் வெளியேறுவதாகக் கொண்டால், அது 18 லட்சம் கன மீட்டர். அதனால் கைவிடப்படும் மின்சாரம் 27 லட்சம் யூனிட். எனினும் உயிர்க்காப்பின் முன் அவ்விழப்பு பொருட்டன்று.

மின்சாரத்தைக் கருதுவோர் நீர்த்தேக்கம் நிறைந்திருக்க விழைவர். வெள்ளத்தைக் கருதுவோர் அதில் வெற்றிடம் இருக்க விழைவர். இரண்டும் நியாயமானவையே. ஆதலின் எந்தத் திங்களில் எந்த மட்டம்வரை நீரை நிறுத்தலாம் என்று முன்னரே வரம்பு வகுத்துக்கொள்ளும் முறை கையாளப்படுகிறது. இருப்பைச் சேர்ப்பதோடு, அதற்கு இடம் விட்டு வைப்பதும் ஆற்றல் நிருவாகத்தின் ஒரு கூறாகும் என்பதை உயர் வகுப்பு மாணாக்கர் அறிதல் வேண்டும்.

9. காற்று என்னும் துணைவன்

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே முப்பது முதல் நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் உள்ளது. நெடுந்தொலைவு மதில்போல் நிற்கும் மலைத்தொடரில் இதுவே பெரிய வாயில். தென்மேற்குப் பருவக்காற்று இவ்வாயிலில் நெருங்கிப் புகும்போது அதன் வேகம் மிகுகிறது. கஞ்சிக்கோட்டில் 1990-களில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. கணவாயின் கிழக்கே உடுமலைப்பேட்டை, பல்லடம் பகுதிகளிலும் காற்றாலைகள் நிரை நிரையாக நிற்கின்றன. இடுக்கி மாவட்டத்தில் ராமக்கல்மேட்டிலும் இவற்றைக் காணலாம்.

காற்றின் ஆற்றல் இயக்க ஆற்றல். காற்றாலையை அடையும் திறன், காற்று வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறும். வேகம் இரு மடங்கானால் திறன் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் எட்டில் ஒன்றாகும். இதனாலேயே கணவாயின் வாயிலைத் தேடிச் சென்று ஆலைகளை நிறுவுகின்றனர். இதனாலேயே காற்று சிறிது தளர்ந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

வீசும் காற்றை அணைகட்டி நிறுத்த இயலாது. ஆயினும் ஒரு வழி உண்டு. காற்று மிகும் வேளையில் அதன் மின்சாரத்தைக் கொண்டு ஊரின் தேவையை நிறைவு செய்தால், அவ்வேளையில் அணைநீரை இறக்காமல் வைத்திருக்கலாம். அங்ஙனம் இறங்காது நின்ற நீரே சேமிக்கப்பட்ட காற்றாகும்.

இன்னும் ஒருபடி சென்று, மிகுந்த மின்சாரத்தால் கீழ்நீரை மேலே ஏற்றி வைப்பதும் உண்டு. பாலக்காட்டு எல்லையை அடுத்த ஆனைமலையில், கோவை மாவட்டத்தின் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று 1980-களின் இறுதியில் அமைக்கப்பட்டது. தேவை குறைந்த நேரத்தில் அதன் பொறிகள் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்தின் நீரைக் காடம்பாறை நீர்த்தேக்கத்திற்கு ஏற்றும். தேவை மிகுந்த நேரத்தில் அதே நீரை இறக்கி மின்சாரம் தரும். இவ்வகை நிலையங்களில் பொதுவாக நான்கு யூனிட் செலவிட்டால் ஏறத்தாழ மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும். ஒரு பங்கு வெப்பமாகச் சிதறினும், வேண்டாத நேரத்து மின்சாரம் வேண்டிய நேரத்திற்கு மாற்றப்படுகிறது. பத்தாயத்தில் எலிக்குப் போகும் பங்கு இருந்தும் உழவர் பத்தாயம் கட்டுவதை நிறுத்தவில்லை அன்றோ?

10. வகுப்பறைச் செய்முறைகள்

அ) உயரமும் வேகமும்: உயரமான தகரக் குவளை ஒன்றில் மேல், நடு, கீழ் என மூன்று துளைகள் இடுக. நீர் நிரப்பினால் கீழ்த்துளையிலிருந்து வரும் தாரையே மிக்க வேகத்துடன் பாயும். தன் மேலே நிற்கும் நீரின் உயரமே அவ்வேகத்தைத் தருகிறது என்பதைக் காட்டுக. அத்தாரையின் முன், தக்கையில் தகட்டுத் துண்டுகள் செருகிய சிறு சக்கரத்தைப் பிடித்தால் அது சுழலும்.

ஆ) உயரம் வெப்பமாதல்: ஒரு மீட்டர் நீளமுள்ள அட்டைக் குழாயில் சிறு ஈயக்குண்டுகளை இட்டு இருபுறமும் தக்கையால் அடைக்க. முதலில் குண்டுகளின் வெப்பநிலையை அளந்துகொண்டு, குழாயை ஐம்பது முறை தலைகீழாகத் திருப்புக. ஒவ்வொரு முறையும் குண்டுகள் குழாயின் நீளம் முழுவதும் விழவேண்டும். பின்னர் மீண்டும் அளக்க. ஈயத்தின் தன்வெப்பம் 130 எனக் கொண்டால், கணக்கின்படி 3.8 பாகை உயர வேண்டும். குழாய்க்கும் காற்றிற்கும் செல்லும் வெப்பத்தால் சற்றுக் குறைவாகவே காணும். அக்குறைவு எங்குச் சென்றது என்பதை மாணாக்கரே கூறட்டும். ஈயம் நச்சுத்தன்மையுடையது, செய்முறை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவச் செய்க.

இ) இருப்புப் பட்டியல்: மாணாக்கர் ஒவ்வொருவரும் தம் ஊரில் காணும் ஆற்றல் இருப்புகளையும், அவற்றிலிருந்து ஆற்றல் பெயரும் வழிகளையும் எழுதி வருக. தோட்டப் பகுதியினர் தேயிலையை உலர்த்த எரிக்கப்படும் விறகைச் சுட்டுவர். அதன் வளம் காடு, காட்டின் வளம் ஞாயிறு. சித்தூர்ப் பகுதியினர் கிணற்று மோட்டாரைச் சுட்டுவர். அங்கே மின்சாரம் நீருக்கு மீண்டும் உயரத்தைத் தருகிறது.

11. களப் பணியாளர் கருத்திற்கு

இக்கிணற்று மோட்டார் உழவரிடம் பேசுவதற்கு நல்ல பொருள். 50 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு கன மீட்டர் நீரை இறைக்க வேண்டிய வேலை 4.9 லட்சம் ஜூல், அதாவது 0.136 யூனிட். மோட்டாரும் பம்பும் சேர்ந்து நூற்றுக்கு முப்பது பங்கே பயன் தருமாயின் 0.45 யூனிட் செலவாகும். ஐம்பது பங்கு பயன் தருமாயின் 0.27 யூனிட் போதும். ஆகவே இடுக்கியில் இறங்கும் ஒரு கன மீட்டர் நீரின் ஒன்றரை யூனிட்டைக் கொண்டு, கம்பி இழப்பு நீங்கலாக, பழுதான பம்பில் மூன்று கன மீட்டரும், செம்மையான பம்பில் ஐந்து கன மீட்டருக்கு மேலும் இறைக்கலாம். தக்க பம்பைத் தேர்தல், குழாயின் வளைவுகளைக் குறைத்தல், அடிவால்வின் அடைப்பை நீக்குதல் ஆகிய எளிய செயல்கள் மலைமேல் நிற்கும் நீரைக் காப்பனவாகும்.

12. பயிற்சி வினாக்கள்

1. பள்ளிவாசல், செங்குளம், நேரியமங்கலம் ஆகியவற்றில் ஒரே நீர் மீண்டும் மீண்டும் மின்சாரம் தருவது ஆற்றல் அழியா விதிக்கு முரணாகுமா? காரணம் கூறுக.

2. உங்கள் இல்லத்தின் மின் கட்டணச் சீட்டில் கண்ட யூனிட்டுகளுக்கு இடுக்கியில் எத்தனை கன மீட்டர் நீர் இறங்க வேண்டும்? அஃது எத்தனை குடம்?

3. காற்றின் வேகம் விநாடிக்கு 9 மீட்டரிலிருந்து 6 மீட்டராகக் குறைந்தால் காற்றாலையை அடையும் திறன் எத்தனை பங்காகக் குறையும்?

4. மழைக்காலத் தொடக்கத்தில் நீர்த்தேக்கத்தில் எவ்வளவு வெற்றிடம் விடவேண்டும் என முடிவு செய்வோர் எவ்வெச் செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும்?

5. நீரை மலைமேல் ஏற்றி மீண்டும் இறக்குவதால் மின்சாரம் பெருகுமா? பெருகாதெனில் காடம்பாறை நிலையத்தால் விளையும் பயன் யாது?

இவ்வினாக்களுள் நான்காவதற்கு ஒரே விடை இல்லை. மாணாக்கர் இரு பிரிவினராகி, மின்சாரத்தின் பொருட்டு ஒருசாராரும் கரையோர மக்களின் பொருட்டு மறுசாராரும் வாதிடட்டும். எல்லைப்புற மலைநாட்டுப் பிள்ளைகளுள் சிலர் நாளை அம்மதகுகளின் பொறுப்பை ஏற்கக்கூடும். அன்று அவர்கள் ஒவ்வோர் அடி நீர்மட்டத்திற்கும் எத்தனை விளக்கு, எத்தனை இல்லம் என்னும் இரண்டு கணக்கையும் ஒருங்கே போடவல்லவராதல் வேண்டும்.